அலபாமா: பஸ், கீரை, கொஞ்சம் வயிற்றெரிச்சல்

அட்லாண்டாவிலிருந்து பர்மிங்ஹாமுக்கு பஸ்ஸில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு பஸ் கிளம்பியதே மூன்று மணி நேரம் தாமதம், உள்ளே ஏசி மார்கழிக் குளிர். இறங்கியதும் ஒரு மைல்கூட இல்லாத தூரத்துக்கு டாக்ஸிக்காரர் 25 டாலர் பிடுங்கிக்கொண்டார். மழை வேறு, என்ன செய்ய? இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 16வது தெரு பாப்டிஸ்ட் சர்ச். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10:22. கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் படிக்கட்டுக்குக் கீழே வைத்த டைனமைட் வெடித்து, ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு கறுப்பினச் சிறுமிகள் செத்துப்போனார்கள். ஆடி மே, சிந்தியா, கேரல் மூவருக்கும் 14 வயது, டெனிஸுக்கு 11. அன்றைய ஞாயிறு பள்ளிப் பாடம் ‘மன்னிக்கும் அன்பு’. எனக்குப் பக்தி வரவில்லை, கோபம்தான் வந்தது.

சுற்றிக்காட்டிய வயதான அம்மாவும் அந்தச் சபைதான். “மன்னிச்சிட்டீங்களாம்மா?” என்று கேட்டேவிட்டேன். “முதல்ல யாராவது வந்து கேட்கட்டுமே கண்ணு” என்று சிரித்தார். நியாயம்தானே. எஃப்பிஐ 1968இல் யார் மேலும் வழக்குப் போடாமல் ஃபைலை மூடியது. முதல் ஆளுக்குத் தண்டனை 1977இல், மற்ற இருவருக்கு 2001, 2002இல். மூவரும் கடைசிவரை ‘நான் செய்யவில்லை’ என்றே சாதித்தார்கள். நான்காவது ஆள் வழக்கே இல்லாமல் 1994இல் போய்ச் சேர்ந்தான். மன்னிப்பைப் பற்றி வெளியே நின்று உபதேசம் செய்கிறவர்கள் இந்த வருடங்களைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம்.

உள்ளே அண்ணாந்து பார்த்தால் கண்ணாடி ஜன்னலில் கறுப்பு இயேசு. குண்டுவெடிப்புச் செய்தி கேட்டு வேல்ஸ் நாட்டு மக்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்துக் கொடுத்தது. பணக்காரர் ஒருவரே மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாதென்று ஆளுக்கு அரை கிரவுன் (பழைய பிரிட்டிஷ் நாணயம்) வரைதான் வாங்கினார்களாம். ஒரு கை அநியாயத்தைத் தள்ளுகிறது, மறுகை மன்னிக்கிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். நான் தள்ளுகிற கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே கெல்லி இங்கிராம் பூங்கா. குண்டு வெடிப்பதற்கு நான்கு மாதம் முன்பு, மே மாதம், இன ஒதுக்கலை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் இதே சர்ச்சிலிருந்துதான் பாடிக்கொண்டே ஊர்வலம் போனார்கள், ஜெயில் என்று தெரிந்தே. போலீஸ் நாயை ஏவியது, தீயணைப்புக் குழாயால் அடித்தது. இப்போது அங்கே நடைபாதையின் இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் உலோக நாய்கள் பாய்கின்றன, நடுவில் நடக்க வேண்டும். சிலை என்று தெரிந்தும் கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஜெபம் முடிந்ததும் தெருவுக்கு வந்த இந்தப் பிள்ளைகளின் விசுவாசம் எனக்குப் புரிகிறது.

அப்புறம் சாப்பாடு! பொரித்த கேட்ஃபிஷ், காலர்ட் கீரை, மக்ரோனி, சோளரொட்டி, எல்லாம் 14 டாலர். ரொட்டியைக் கீரைச் சாற்றில் முக்கிச் சாப்பிடுங்கள், அமிர்தம். கீரையில் பன்றிக்கறி போட்டிருப்பார்கள், சைவக்காரர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

மறுநாள் அலபாமாவின் தலைநகர் மான்ட்காமரி. வெள்ளையர் கும்பல்கள் கொன்ற 4,400க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவருக்கு 2018இல் திறந்த நினைவிடம். டிக்கெட் 5 டாலர்தான். மாவட்டத்துக்கு ஒன்றாக 800க்கும் மேல் இரும்புத் தூண்கள். முதலில் முகத்துக்கு நேரே நிற்கும், தரை இறங்க இறங்கத் தலைக்கு மேலே தொங்கும். போலீஸ்காரரை ‘மிஸ்டர்’ போட்டுக் கூப்பிடவில்லை என்று 1940இல் லூவர்ன் என்ற ஊரில் கறுப்பினத்தவர் ஒருவரைக் கொன்றிருக்கிறார்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள். ஒரு மணி நேரம் போதும் என்று எழுதுகிறவர்கள் எதையும் படிக்காமல் நடந்து வந்தவர்கள்.