எடை குறைந்த பிறகு கேட்க வேண்டியவை

பிப்ரவரி 4, 2025

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய மனநல மதிப்பீட்டுக்காக, மேலூரிலிருந்து ஓர் ஆசிரியை தம் மாமியாருடன் வந்திருந்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னால் ஆபரேஷனே வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, மருந்துச் சீட்டை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். இந்த அச்சம் பலருக்கும் உண்டு. 2016இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு, இச்சிகிச்சையை நாடுவோரில் சுமார் 19 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருப்பதாக மதிப்பிட்டது. ஆனால் முன்பே உள்ள மனநலக் கோளாறுகளால் எடை குறைவது தடைபடுகிறது என்பதற்கு அதில் ஒருசீரான சான்று கிடைக்கவில்லை. மறைத்தால்தான் சிக்கல் என்று நான் சொன்ன பிறகே சீட்டு வெளியே வந்தது.

பிப்ரவரி 13

மனச்சோர்வை அளக்க ஆசிரியை பூர்த்தி செய்த பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 27க்கு 14. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் மிதமான மனச்சோர்வு என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் தூக்கம், களைப்பு, பசி ஆகிய மூன்று கேள்விகளும் பருமனாலேயே ஏறக்கூடியவை. இரவில் குறட்டைக்கு நடுவே மருமகளுக்கு மூச்சு நின்று நின்று வருவதாக மாமியார் சொன்னார். தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். நான் நேரம் எடுத்துக்கொண்டு பேசியது, தன்னைப் பற்றித் தாழ்வாக எண்ணுவது குறித்த ஆறாவது கேள்வியையும், சாவு பற்றிய எண்ணம் குறித்த ஒன்பதாவதையும்தான். வகுப்பில் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயரை அப்போதுதான் சொன்னார்.

மே 20

திருமங்கலத்து ஜவுளி வியாபாரி ஒருவர் வந்தார். எடைக் குறைப்புக்காக இரைப்பையில் செய்யப்படும் பைபாஸ் வகை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாண்டு ஆகிறது. முதலாண்டில் ஊரே அவரைப் பாராட்டியது. இப்போது எடை சற்றே ஏறத் தொடங்கியிருக்கிறது, பாராட்டு நின்றுவிட்டது, மாலையில் மது வந்துவிட்டது. பைபாஸுக்குப் பின் மது இரத்தத்தில் விரைவாக ஏறும் என்பதை அவருக்கு யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. இச்சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் லாப்ஸ் ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு அறுவைக்கு முன் 7.6 சதவீதமாகவும், முதலாண்டில் ஏறக்குறைய அதே அளவாகவும் இருந்து, இரண்டாமாண்டில்தான் 9.6 ஆனது. இச்சிகிச்சை பற்றிய கனடாவின் ஒண்டாரியோ ஆய்விலும், தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களில் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திக்கொள்ளும் காலமும் அதுவே என்பதுதான் என்னை உறுத்துகிறது. அவரை மனநல மருத்துவரிடம் இன்றே அனுப்பினேன். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அழைக்கச் சொல்லி அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணையும் அவர் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன்.

ஜூலை 8

ஆசிரியைக்கு ஏப்ரலில் பைபாஸ் முடிந்தது. இன்று அதே வினாத்தாளில் மதிப்பெண் 5, முகமே மாறியிருக்கிறது. மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மூன்றாம் மாதத்து மதிப்பெண்ணை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. "இனி மாத்திரை எதுக்குக்கா?" என்றார். தாமாக நிறுத்தக் கூடாது என்றும், பைபாஸுக்குப் பின் சில மருந்துகள் குடலில் உறிஞ்சப்படுவது குறையக்கூடும் என்பதால் மருத்துவரே அளவைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் விளக்கினேன். பி12 உள்ளிட்ட சத்து மாத்திரைகளோ ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியவை. அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் சேர்த்தே தேதி குறித்தபோது மாமியார், "அம்புட்டு நாளைக்கா?" என்று வியந்துவிட்டு, சித்திரைத் திருவிழா நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.