கடல் வாங்கவில்லை

2023 நவம்பர் 29, புதன்

சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. தெருமுனையில் முழங்கால் தண்ணீர். அத்தைக்கு ராத்திரி ஊசி போட்டாச்சு.

டிசம்பர் 1, வெள்ளி

எழுந்ததும் முதல் வேலை, செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று பார்ப்பது. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஒட்டிக்கொண்ட பழக்கம். மொத்தம் 24 அடி. அது அடையாற்றுக்குப் போகிற தண்ணீர், நாங்கள் இருக்கிற மடிப்பாக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று இவர் வருஷா வருஷம் சொல்கிறார். தெரியும். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்சுலின் மூன்று பாட்டில் வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தேன்.

டிசம்பர் 2, சனி

ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆகிவிட்டது. பெயரும் தயார்: மிக்ஜாம். மியான்மர் கொடுத்த பெயராம். ஆந்திரா பக்கம்தான் கரையைக் கடக்குமாம். "அப்போ நமக்கு இல்லை" என்றார் மாடிவீட்டு அக்கா. எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

டிசம்பர் 3, ஞாயிறு

நாளைக்கு விடுமுறை விட்டாச்சு. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ரஸ்க், பால் நான்கு பாக்கெட்.

டிசம்பர் 4, திங்கள்

மாடிவீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தூக்கம் வராது.

விடிவதற்கு முன்பே கரண்ட் போயிற்று. வாசலில் மணல் மூட்டை அடுக்கி, இடுக்கில் பழைய புடவையைத் திணித்து, டார்ச்சோடு காவல் இருந்தோம். தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. குளியலறை ஜாலி வழியாக வந்தது. கறுப்பாக, குமிழ் விட்டுக்கொண்டு, அரிசி கொதிக்கிற சத்தத்தோடு. அதன் மேல் ஒரு பலகையை வைத்து நான் ஏறி நின்றேன். அதற்குள் சமையலறைப் பக்கமும் வர ஆரம்பித்துவிட்டது.

அத்தையை நாற்காலியோடு தூக்கித்தான் மாடிக்குக் கொண்டுவந்தார்கள், இவரும் மாடிவீட்டுப் பையனும். ஃபிரிட்ஜை அசைக்கக்கூட முடியவில்லை. மருந்தை மட்டும் எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன்.

2016-ல் வர்தா நேராக நம் மேலேயே ஏறி வந்தது. அரை நாள் ஆட்டம், ஊரெல்லாம் மரம் விழுந்தது, போய்விட்டது. இது கரைக்கே வரவில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, கடலில் மெதுவாக நகர்கிறது. அங்கே இருந்துகொண்டே மேகத்தை ஒன்றன் பின் ஒன்றாக இங்கே தள்ளுகிறது. கரையைக் கடக்கிற இடம் எது என்று மட்டும் பார்த்துவிட்டு இனிமேல் நிம்மதியாகப் படுக்க மாட்டேன்.

எங்கள் தெருத் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு தாண்டி, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில்தான் கடலைத் தொட வேண்டும். அங்கே கடலே ஏறி நிற்கிறது. "கடல் வாங்கலை" என்றார் இவர். காலையிலிருந்து அதையேதான் சொல்கிறார். சதுப்பின் பெரும்பகுதி கட்டடமாகிவிட்டது. மிஞ்சியதைத்தான் 2022-ல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். நாங்கள் மனை வாங்கின புதிதில் மழைக்காலத்தில் தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. அப்போதே யோசித்திருக்க வேண்டும், இது யாருடைய இடம் என்று.

அக்கா பரணிலிருந்து போன வருஷத்துப் பொங்கல் பானையை எடுத்துக் கொடுத்தார். பாதித் தண்ணீர் ஊற்றி, சின்ன எவர்சில்வர் டப்பாவில் மருந்தை வைத்து இறுக்கி மூடி, அதை மிதக்கவிட்டு, பானையின் வாயில் ஈரத்துணி கட்டினேன். துணி காயக் கூடாது, காய்ந்தால் மருந்துக்குக் குளிர்ச்சி போய்விடும். அதுதான் இப்போது என் வேலை.

டிசம்பர் 5, செவ்வாய்

மழை நின்றுவிட்டது. பிற்பகல் பாபட்லா அருகே கரையைக் கடந்ததாம். எதிர்வீட்டு ரேடியோவில் கேட்டதுதான். போனில் டவர் இல்லை. இங்கே இன்னும் இடுப்பளவு. அடுத்த தெருவுக்கு மீனவர்கள் படகு கொண்டுவந்து ஒரு கைக்குழந்தையையும் தாயையும் ஏற்றிப் போனார்கள். அரை லிட்டர் பால் இரண்டு மடங்கு விலை.

டிசம்பர் 6, புதன்

துணியை ஏழு முறை நனைத்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜ் வரவில்லை. கம்ப்ரசர் போச்சு என்கிறார் மெக்கானிக், பத்து நாள் ஆகுமாம். தரையெல்லாம் வண்டல். நான்கு தடவை கழுவியும் வழுக்குகிறது. அத்தைக்கு இரண்டு நாளாகச் சர்க்கரை ஏறி இறங்குகிறது. மருந்து கெட்டுவிட்டதா, சாப்பாடு மாறியதாலா? டாக்டர் புது பாட்டில் தொடங்கச் சொன்னார். காசு பெரிதில்லை. நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்றுதான் உறுத்துகிறது.

டிசம்பர் 10, ஞாயிறு

கொழுந்தனார் வந்து அத்தையைத் தூத்துக்குடிப் பக்கம் ஏரலுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே காய்ந்த தரை இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு மருந்தைக் கொடுத்தேன். எழும்பூரில் ரயில் கிளம்பும்போது, "வீட்டைத் தேய்ச்சே உன் கை போயிரும், போதும் விடு பிள்ள" என்றார். வீடு திரும்பியதும் நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

நிவாரணம் 6,000 ரூபாய். டோக்கன் கொடுப்பார்களாம்.

டிசம்பர் 14, வியாழன்

எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய். மீனவர்கள் மக்கை வைத்து மொண்டு ஊற்றுகிறார்கள். அடுத்த தெருவில் படகில் ஏற்றிப் போனவர்களும் இவர்களும் ஒரே தொழில்காரர்கள். பார்க்கவே முடியவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

ஏரலில் விடாத மழையாம். மத்தியானம் போனில், "கரண்டு இல்ல, வேற ஒண்ணுமில்ல, பயப்படாத" என்றார் அத்தை. ராத்திரி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 18, திங்கள்

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 140. இது புயல்கூட இல்லை, பெயர்கூட வைக்கவில்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நிற்கிறது. தாமிரபரணி ஏரலுக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். இவர் கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார்.

பானையைப் பற்றிக் கொழுந்தனாரிடம் சொன்னேனா? ஃபிளாஸ்க்கைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பானையைப் பற்றி?

டிசம்பர் 19, செவ்வாய்

எழுந்ததும் பார்த்தது தாமிரபரணியின் பாபநாசம் அணை. மொத்தம் 143 அடி. போன் ரிங்கே போகவில்லை.