காபிச் செடி ஒரு கணக்கு, காபிப் பழம் இன்னொரு கணக்கு

சர்வதேச கணக்கியல் தரங்களைப் படிக்கிற தம்பி தங்கைகள் சேலத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்துகொண்டே சிஏவுக்குப் படிப்பவர்கள், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் ஏசிசிஏ என்ற கணக்காளர் அமைப்பு நடத்தும் டிப்ஐஎஃப்ஆர் என்ற சர்வதேச நிதி அறிக்கைத் தேர்வுக்குப் படிக்க உட்காருபவர்கள். பலரும் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும் ரெண்டு பக்க நோட்ஸ் இருந்தா அனுப்புங்க" என்பதுதான். அனுப்புகிறேன், ஆனால் நோட்ஸில் விதி மட்டும்தான் இருக்கும், அந்த விதி ஏன் வந்தது என்பது இருக்காது, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும். முதலில் பொருளைக் கண்ணால் பாருங்கள், அப்புறம் ஸ்டாண்டர்டைத் திறங்கள்.

விவசாயத்துக்கான சர்வதேச கணக்கியல் தரமான ஐஏஎஸ் 41-ஐப் புரிந்துகொள்ள நம் ஏற்காடே போதும். எஸ்டேட் எதற்குள் போனாலும் உயரமாக ஒரு சில்வர் ஓக் நிற்கும், அதன் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும், கீழே நிழலில் காபிச் செடி. மூன்றுக்கும் மண் ஒன்றுதான், ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் மூன்றும் ஒரே இடத்தில் உட்காராது.

காபிச் செடி வருஷக்கணக்கில் காய்க்கும், செடியையே விற்பதற்காக யாரும் அதை வளர்ப்பதில்லை. வயதான செடியைப் பிடுங்கி விறகுக்குப் போட்டாலும் அது கழிவு விற்பனை மட்டுமே. இதைத்தான் 'பேரர் பிளாண்ட்', அதாவது விளைச்சல் தருவதற்கென்றே வைத்திருக்கும் செடி என்கிறார்கள். தொழிற்சாலை இயந்திரம் போலவே இது நிலம், கட்டடம், இயந்திரங்களுக்கான ஐஏஎஸ் 16-க்குள் போகும், தேய்மானம் போட வேண்டும். மிளகுக் கொடியும் அப்படியே. ஆனால் செடியில் தொங்கும் பழம் ஐஏஎஸ் 41: நியாய மதிப்பில், அதாவது அன்றைக்குச் சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையில், விற்பனைச் செலவைக் கழித்துக் காட்ட வேண்டும், அதில் வரும் ஏற்ற இறக்கம் லாப நட்டக் கணக்குக்குப் போகும். பறித்ததும் அது சரக்கு. பறித்த அன்றைய மதிப்பே அடக்கவிலையாகி, பல்ப்பரில் தோல் நீக்குவதிலிருந்து சரக்குக்கான ஐஏஎஸ் 2 பார்த்துக்கொள்ளும்.

முன்பு இப்படி இல்லை. செடியையும் வருஷா வருஷம் நியாய மதிப்பில் காட்டச் சொன்னார்கள். நிலத்தை விட்டுவிட்டு நட்டு நிற்கிற காபிச் செடியை மட்டும் எந்தச் சந்தையில் விலை கேட்பது? வரப்போகும் விளைச்சலையும் விலையையும் ஊகித்து, அதை வட்டி விகிதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்து ஒரு எண்ணைக் கொண்டுவர வேண்டும், அந்த எண் மாறினால் ஒரு பழம்கூட விற்காமலே லாபம் ஏறும், இறங்கும். எண்ணெய்ப் பனை நிறைந்த மலேசியா இதை மாற்றச் சொல்லி அழுத்தமாகவே வாதாடியது. இந்தத் தரங்களை எழுதும் வாரியமான ஐஏஎஸ்பி 2014-இல் திருத்தியது, 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. நல்ல திருத்தம் என்றுதான் நான் நினைக்கிறேன். முதலீட்டாளருக்கு வேண்டியது செடி என்ன தருகிறது என்பது, ஊக விலை அல்ல.

இன்னொன்று, தேதி. நம் கம்பெனிகளுக்கு மார்ச் 31-இல் கணக்கு முடிகிறது. அப்போது ஏற்காட்டில் அறுவடை பெரும்பாலும் முடிந்து, செடியைப் பூக்க வைக்கும் 'பூ மழை'க்குக் காத்திருப்பார்கள், இல்லை அப்போதுதான் பூத்திருக்கும். செடியில் மதிப்பிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது, அதுவரை ஆன செலவே நியாய மதிப்புக்குக் கிட்டத்தட்ட வரும் என்று எடுத்துக்கொள்ள ஸ்டாண்டர்டே இடம் தருகிறது. அதே தோட்டத்துக்கு டிசம்பர் 31-இல் கணக்கு முடிந்தால் செடி முழுக்கச் சிவந்த பழம், எண் வேறாகிவிடும். நோட்ஸில் ஒரு வரியாகக் கிடக்கும் விஷயம், நவம்பரில் ஒருமுறையும் ஏப்ரலில் ஒருமுறையும் மலை ஏறினால் தானாகப் புரியும்.

இந்தியாவில் இதுவே இண்ட் ஏஎஸ் 41. கம்பெனி விவகார அமைச்சகம் 2015-இல் அறிவித்து, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியது. நாலு ஏக்கர் வைத்திருக்கும் ஏற்காட்டு விவசாயிக்கு இது பொருந்தாது, அவரிடம் போய்க் குழப்ப வேண்டாம்.

சில்வர் ஓக்கை வேண்டுமென்றே கடைசிக்கு விட்டேன். வெட்டி மரமாக விற்பதற்கென்றே வளர்த்தால் மரமே ஐஏஎஸ் 41-க்குள் வரும், ஒவ்வொரு கணக்குத் தேதியிலும் நியாய மதிப்பு. காபிக்கு நிழல் தரவும் மிளகு படரவும் மட்டுமே நிற்கிறது என்றால்? பதிலை உடனே தேடாமல், ஐஏஎஸ் 41-இன் பாரா 5-லிருந்து 5பி வரை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.