உப்பேறிய தாமான்

ஜனவரி 8, 2025, புதன்

மழைக்காலம் முழுக்கப் பாய்மரப் படகில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கயிறுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாச்சு. பாயை ஏற்றுகிற ஆஞ்சானில் பச்சைப் பாசி. பாயைப் பிடித்து இழுக்கிற தாமானோ முருங்கைக்காய் மாதிரி விறைத்துக்கிடக்கிறது. (கூட வருகிற பையன்கள் இதை ஷீட் என்பார்கள், புதிதாக வருகிறவர் பாயைப் போய்ப் பிடிப்பார்.) நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. அழுக்கைவிட உப்புதான் மோசமான ஆசாமி; இழைகளுக்கு நடுவே காய்ந்து உட்கார்ந்துகொண்டு, கயிறு வளையும்போதெல்லாம் உள்ளே அராவிக்கொண்டே இருக்கும்.

ஜனவரி 9

நேற்று ராத்திரி போர் தண்ணீரில் ஊறப்போட்டேன், சுத்த முட்டாள்தனம், எங்கள் போர் தண்ணீரே உப்பு. இன்று மெட்ரோ தண்ணீர் வந்ததும் தொட்டியை நிரப்பினேன். "குடிக்கிற தண்ணியில கயிறக் கழுவுறியாடா?" என்றார் அம்மா. பதில் இல்லை. முதல் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறம், மூன்றாவதில்தான் தெளிந்தது.

ஜனவரி 11, சனி

வாஷிங் மெஷின். கயிற்றைச் சங்கிலிப் பின்னலாகப் போட்டு, தலையணை உறைக்குள் திணித்து வாயைக் கட்டி, பச்சைத் தண்ணீர், அரை மூடி லிக்விட் சோப்பு. பிளீச் போடச் சொன்ன நண்பருக்கு ஒரு கும்பிடு, அது நைலானை அரித்துவிடும். பிரஷர் வாஷரும் வேண்டாம், மேலே இருக்கும் மணலை உள்ளே தள்ளும். நைலான் நங்கூரக் கயிறு மெஷினுக்குப் பெரிது, அது தொட்டியிலேயே ஊறட்டும். சீக்கிரம் முடியுமே என்று வெந்நீர் ஊற்றினால் சுருங்கிப்போகும்.

தாமான் நன்றாக வந்தது. ஆஞ்சான்தான் காலை வாரியது. அதன் மேலுறையையும் உள்கயிற்றையும் சேர்த்துப் பிடிக்கிற நுனித் தையல் எப்போதோ பிரிந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வெளியே எடுத்தால் மேலுறை ஒரு சாண் காலியாகத் தொங்குகிறது, உள்கயிறு உள்ளே போய்விட்டது. இரண்டு மணி நேரம் பால் கறக்கிற மாதிரி உறையை மறுமுனைப் பக்கமாக உருவி உருவி நுனியை வெளியே கொண்டுவந்து, மெழுகு நூலால் குத்தித் தைத்து, மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி ஒட்டினேன். கட்டைவிரலில் கொப்புளம்.

கடைசி அலசலில் ஒரு வாளிக்கு ஒரு மூடி கம்ஃபர்ட். அதற்கு மேல் போட்டால் கயிறு வழுக்கும், காற்று அடிக்கும்போது கையில் நிற்காது.

ஜனவரி 13, போகி

வெயில் படாமல் காயட்டும் என்று மாடியில் கூரைக்குக் கீழே கட்டியவன் எடுத்துவைக்க மறந்து தூங்கிவிட்டேன். விடிகாலையில் எதிர்வீட்டில் பழைய கோரைப்பாயைக் கொளுத்த, புகையெல்லாம் நேரே என் பாய்க்கயிற்றுக்கு. வெள்ளைத் தாமானில் விரல் வைத்தால் கரி. யாரோடு சண்டை போடுவது? மறுபடி இரண்டு வாளி.

ஜனவரி 18, சனி

தாமானைக் கோத்துப் படகை எடுத்தோம். முன்பெல்லாம் காற்று குறைவாக இருந்தால் கப்பியில் சிக்கி நிற்கும், கையால் தள்ளிவிட வேண்டும். இன்று விட்டதும் தானாக ஓடியது. ஆஞ்சானில் பச்சைக் கறை போகவே இல்லை, அது உச்சியில்தானே இருக்கப்போகிறது, யார் பார்க்கிறார்கள்.

அம்மா தொட்டியைக் கேட்கிறார். நங்கூரக் கயிறு இன்னும் அதில்தான் கிடக்கிறது.