ஆய்வுகூடத் துறப்பணமும் கராஜ் டிரெமலும்

பௌதிக ஆய்வுகூடத்துப் பின்மேசையில், மின்சுற்றுப் பலகையில் துளையிட வைத்திருந்த, செம்பை அரிக்கும் பெரிக் குளோரைட்டுக் கறை படிந்து கிடந்த கைத்துறப்பணம் நம் காலத்துப் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். பழுப்பு நிறப் பீனோலிக் (காகிதமும் பிசினும் சேர்ந்த) பலகை, உருக்கு பிட் (துளையிடும் அலகு), மெதுவான சுற்று. கை சற்றுச் சரிந்தாலும் பிட் வளைந்து கொடுக்கும்.

இன்று வீட்டில் டிரெமல் என்ற சிறு சுழல்கருவியால் துளையிடுவோருக்கு அந்தச் சலுகை இல்லை. 1.6 மி.மீ. எஃப்ஆர்-4 பலகை கண்ணாடி இழையால் ஆனது; உருக்கு பிட்டைச் சீக்கிரமே மழுங்கடித்துவிடும். மழுங்கிய பிட் செம்பை வெட்டாமல் உரித்துத் தூக்கும். ஆகவே டங்ஸ்டன் கார்பைட் பிட்தான் வேண்டும், வேகமும் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல். ஆனால் கார்பைட் வளையாது, முறியும். கையில் பிடித்துத் துளைக்கவே கூடாது, ஸ்டாண்ட் அவசியம். பிட்டைப் பிடிக்கும் சாவியில்லாச் 'சக்'கை விட, 3.2 மி.மீ. கொலெட்டில் (இறுக்கிப் பிடிக்கும் பிளவு வளையம்) பிட் ஆட்டம் குறைவு.

துளையின் அளவு: கால்வாட் தடைக்கும் ஐசிக்கும் (சில்லு) 0.8 மி.மீ.; 1என்4007 டயோடுக்கும் பின் ஹெடருக்கும் (ஊசி வரிசை இணைப்பி) 1.0, எம்3 திருகாணிக்கு 3.2.

பௌதிக சேர் அன்று விடாமல் வலியுறுத்திய மையப்புள்ளிதான் இன்றும் உயிர்நாடி. ஒவ்வொரு செம்பு வட்டத்தின் நடுவிலும் 0.4 மி.மீ. அளவுக்குச் செம்பு அரிந்துபோகும்படி வரைந்துவிட்டால், பிட் நுனி தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். 16 கால் ஐசியில் முதல் காலுக்கும் எட்டாம் காலுக்கும் இடையே 17.78 மி.மீ.; புள்ளி தவறினால் சொக்கெட் இறங்காது.

பலகைக்கு அடியில் எம்டிஎஃப் (மரநார் அட்டை) துண்டொன்றை வைத்து, செம்புப் பக்கமிருந்து துளையுங்கள். அடி வெறுமையாக இருந்தால் மறுபக்கம் பிசிறும். பிட் பெரும்பாலும் முறிவது இறங்கும்போதல்ல, ஏறும்போது: பலகையும் கூடவே எழும்பிச் சரிந்துவிடும். இடது கையால் பலகையை அழுத்திப் பிடித்து, மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நேராக மேலெடுங்கள்.

தூளை வாயால் ஊதிய அந்தப் பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். இது கண்ணாடித் தூள். முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, வக்கூம் கிளீனர் குழாயை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் 3 மி.மீ. பிட்டை விரலால் மெல்லத் திருகிப் பிசிறை எடுத்து, பலகையை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். விடுபட்ட துளை பற்றாசு பிடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.