ரெதுயியில் படித்ததும் எபெனில் கேட்டதும்

அக்கா மகள் வருகிற ஆகஸ்டில் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கச் சேர்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை ரோஸ் ஹில்லில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும், "மாமா, வேலைக்காக முதல் வருடத்திலிருந்தே என்ன செய்துவைக்க வேண்டும்?" என்று கேட்டாள். அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். அந்த வயதில் நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

என் காலத்தை விட இப்போது வசதிகள் கூடியிருக்கின்றன. 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. 2023 இல் மெட்ரோ ரயிலும் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயி வரை வந்துவிட்டது. பணமும் பயணமும் தடையாக இல்லாதபோது, அந்த மூன்று வருடங்களை எப்படிச் செலவிடுவது என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

நான் அவற்றை மதிப்பெண்ணுக்காகவே செலவிட்டேன். அதன் விளைவு, அலுவலகங்கள் நிறைந்த எபெனில் ஒரு நிறுவனத்தில் முதன்முதலாக ஸ்டாஜ் (வேலைப் பயிற்சி) போன இரண்டாவது வாரத்தில் தெரிந்தது. நம் நாட்டில் பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அலுவலகத்து மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் பிரெஞ்சில் வருகின்றன. மேசைக்கு மேசை பேசிக்கொள்வதோ கிரியோலில். பள்ளியில் பிரெஞ்சு நன்றாகவே படித்திருந்தேன், ஆனால் அது கதையும் கட்டுரையும் எழுதும் பிரெஞ்சு. 'பிலான்' கேட்டபோது அது நான் மூன்று வருடம் போட்டுப் பழகிய இருப்புநிலைக் குறிப்புதான் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். பிரான்சிலிருந்து வந்த ஒரு பட்டியலில் 4,750 டன் என்று இருந்ததை நாலாயிரத்து எழுநூற்றைம்பது என்று அப்படியே கணக்கில் ஏற்றியதைத்தான் சமாளிக்க முடியவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தசமப் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள்; அந்தச் சரக்கு ஐந்து டன் கூட இல்லை. மேலாளர் கோபப்படவில்லை, சிரித்தார். அது கோபத்தை விட அதிகம் சுட்டது.

ஆகவே அவளுக்கு நான் சொன்ன முதல் வேலை, வகுப்பில் ஆங்கிலத்தில் கற்கும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுக்கும் பக்கத்தில் அதன் பிரெஞ்சுச் சொல்லையும் ஒரு நோட்டில் எழுதிவருவதும், பாக்கி கேட்டு ஒரு வாடிக்கையாளருக்கு மரியாதை குறையாமல் பிரெஞ்சில் கடிதம் எழுதப் பழகுவதும்தான். இதற்கு எந்தத் துறையும் மதிப்பெண் தராது என்பதால்தான் யாரும் செய்வதில்லை. (தமிழ் எதற்குப் பயன்படும் என்று அக்கா இடையில் கேட்டார். நம் ரூபாய் நோட்டில் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சென்னையிலிருந்து அழைக்கும் வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் மட்டும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசுவார் என்பதும் உண்மை.)

அடுத்தது ஏசிசிஏ என்ற தொழில்முறைக் கணக்காளர் தகுதி. இங்கே கணக்கியல் படிப்பவர்களில் பலர் பட்டம் முடிந்தபின்தான் அதைப் பற்றி யோசிக்கிறார்கள். நான் எழுதியபோது அதில் 13 தாள்கள் இருந்தன. பட்டத்தைப் பொறுத்து அவற்றில் 9 வரை விலக்குக் கிடைக்கும். எந்தெந்தப் பாடத்துக்கு எந்தத் தாள் விலக்காகும் என்பதை விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும். தேர்வுகளைத் தாண்டினாலும் 36 மாத வேலை அனுபவம் காட்டினால்தான் முழு உறுப்பினர் ஆகலாம். தேர்வுகள் முடிந்த பிறகுதான் அந்த மாதங்கள் எண்ணப்படும் என்று நான் நினைத்திருந்தேன். படிக்கும்போதே செய்யும் பொருத்தமான வேலையும் சேரும், ஆனால் அதை மேற்பார்த்தவர் ஒப்புக்கொண்டு பதிவு செய்ய வேண்டும். என் இரண்டு ஸ்டாஜ் மாதங்கள் கையெழுத்து வாங்காமலே வீணாயின.

தன்விவரக் குறிப்பு எழுதுவது எப்படி என்ற பயிற்சிப் பட்டறைகளைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. எழுதுவதற்கு ஏதாவது இருந்தால் குறிப்பு தானாக அமையும். முதல் வருட விடுமுறையில் பெரிய நிறுவனம் எதுவும் அவளை எடுத்துக்கொள்ளாது. அதனால் கத்ர் போர்னில் துணிக்கடை வைத்திருக்கும் எங்கள் சித்தப்பாவின் கணக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே ரசீதுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன, கடன் விவரம் முழுவதும் சித்தப்பாவின் நினைவில் இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தி, எந்த மாதம் பணம் ஏன் குறைகிறது என்று அவருக்குக் கிரியோலில் விளக்க அவளால் முடிந்தால், நேர்முகத் தேர்வில் பேசுவதற்கு அரைமணி நேரத்துக்குரிய விஷயம் அவளிடம் இருக்கும்.

சித்தப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. அந்த டின்னை யாரும் தொடுவது அவருக்குப் பிடிக்காது.