வெட்சூட்டின் கழுத்தும் என் மூச்சும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டிக்கு முதன்முறையாகப் பெயரைப் பதிவு செய்தபோது எனக்கு இருந்த கவலையெல்லாம் 40 கிலோமீட்டர் சைக்கிளையும் அதன் பிறகு ஓட வேண்டிய 10 கிலோமீட்டரையும் பற்றியதுதான். 1500 மீட்டர் நீச்சலைக் குளத்தில் பலமுறை முடித்திருந்ததால் அதை ஒரு பொருட்டாகவே நான் எண்ணவில்லை. போட்டி நடக்கும் ஏரியின் நீர் 17 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் என்று ஏற்பாட்டாளர்கள் அறிவித்த பிறகுதான் உடலை ஒட்டி அணியும் ரப்பர் நீச்சல் உடையான வெட்சூட் வாங்கும் யோசனையே எழுந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் அதைத் தவறாக அணிந்து நடு ஏரியில் திணறினேன். பிறகு சரியாக அணியக் கற்றுக்கொண்டேன். குளிருக்காக வாங்கும் உடை அது என்றாலும், அது நமக்குப் பொருந்துகிறதா என்பதை மூச்சுதான் சொல்கிறது என்பது இதற்கிடையில் எனக்குப் புரிந்தது.

'நனைந்த உடை' என்று பொருள்படும் பெயரைப் பார்த்துவிட்டு, உடைக்குள் புகும் நீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. வெப்பம் வெளியேறாமல் தடுப்பது நியோபிரீன் என்ற செயற்கை ரப்பருக்குள் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். உடல் நனைந்தாலும் பரவாயில்லை, பொருளுக்குள் வாயு இருந்தால் போதும் என்பதை 1950களின் தொடக்கத்தில் உணர்ந்து இந்த உடைக்கு வழி வகுத்தவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். உள்ளே புகும் நீர் மெல்லிய படலமாக அசையாமல் நிற்க வேண்டும். உடை தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு கைவீச்சுக்கும் பழைய நீர் வெளியேறிப் புதிய குளிர்நீர் உள்ளே வரும். பிறகு அணிந்தும் பயனில்லை. வெட்சூட் தோலோடு ஒட்டியிருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

அதே குமிழிகள்தான் நம்மை மிதக்கவும் வைக்கின்றன. என்னைப் போல் வளர்ந்த பிறகு நீந்தக் கற்றவர்களுக்குக் கால்கள் கீழே தாழ்வது தீராத நோய். தொடையிலும் இடுப்பிலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனும், தோளிலும் கையிலும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டு தைக்கப்படும் டிரையத்லான் வெட்சூட் அந்தக் கால்களைத் தூக்கிப் பிடித்துவிடுகிறது. அலைச்சறுக்கு வீரர்களின் உடை வேறு வகை. பலகைமேல் நிற்பவருக்காகத் தைத்த அந்த உடையில் தோள் சுழல்வது கடினம். துணி போர்த்திய அதன் வெளிப்புறம் வழுவழுப்பான நீச்சல் உடையைப் போல நீரில் வழுக்கிச் செல்வதுமில்லை. நண்பரிடம் இரவல் கிடைக்கிறதே என்று நானும் ஒருமுறை அதைப் போட்டு நீந்திப் பார்த்தேன். இருநூறு மீட்டரிலேயே தோள் கடுத்துவிட்டது.

வாங்கும்போது அளவு அட்டவணையில் உயரத்தையும் எடையையும் பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. கடையில் உலர்ந்த நிலையில் அணியும்போது மார்பில் ஓர் அழுத்தம் தெரிவது இயல்பு. நீருக்குள் அது தளர்ந்துவிடும். அந்த அழுத்தத்துக்குப் பயந்து பலர் ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். இடுப்பின் பின்பக்கத்தில் ரப்பரைக் கொத்தாகப் பிடிக்க முடிந்தால் அங்கே நீர் தேங்கும் என்று கொள்ளலாம். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்திச் சில முறை நீச்சல் வீச்சு வீசியும், ஆழ்ந்து மூச்சிழுத்தும் பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டை தோலோடு ஒட்டியிருக்கலாம். எச்சில் விழுங்கும்போது தடுக்கக் கூடாது. விலை ஏற ஏறத் தோள் பகுதி ரப்பர் மென்மையாகிறது என்பது மெய்தான். ஆனால் உடலுக்குப் பொருந்தாத விலையுயர்ந்த உடையைவிடப் பொருந்தும் எளிய உடை மேல் என்பது என் தீர்மானம். பழைய உடையை வாங்குவதிலும் தவறில்லை. ரப்பர் இறுகிப்போயிருக்கிறதா என்று மடக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையும் பார்த்து வாங்கிய உடையோடுதான் நான் திணறினேன். ஏரியில் முதல் பயிற்சியன்று நூறு மீட்டர் கூடத் தாண்டியிருக்கமாட்டேன். யாரோ முன்னாலிருந்து குரல்வளையை அழுத்துவது போலிருந்தது. மூச்சு மேலே மேலே ஏறியது. முகத்தை நீருக்குள் வைக்கவே மனம் வரவில்லை. மல்லாந்து படுத்ததும் உடை என்னைத் தக்கையைப் போலத் தாங்கிக்கொண்டதால் கைகளால் மெல்லத் துழாவிக் கரை சேர்ந்தேன். உடை சிறியதாகிவிட்டது என்று முடிவு கட்டி, கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே பல ஆண்டுகளாக நீந்திவரும் ஓர் அம்மையார் அருகில் வந்து, "கழுத்தை விடுங்கள் தம்பி, கோளாறு தொடையில் இருக்கிறது" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. கால்களுக்கிடையே உடை இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. அந்தக் குறையை ஈடுகட்ட முதுகும் தோளும் கீழே இழுபட, அந்த இழுப்பெல்லாம் கழுத்தின் முன்பக்கத்தில் போய் முடிந்திருந்தது. கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பாதத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கி உள்ளே இறங்கிவிடுகிறது. உடையின் கால்முனையைக் கணுக்காலுக்குச் சற்று மேலேயே நிறுத்தி, அங்கிருந்து ரப்பரைச் சிறு சிறு மடிப்பாக மேலே நகர்த்திக்கொண்டே போய், தொடையிடுக்கில் இடைவெளி இல்லாமல் ஆன பிறகுதான் கையை நுழைக்க வேண்டும். கைக்கும் அதே முறை: மணிக்கட்டிலிருந்து தோள் நோக்கி நகர்த்தி, அக்குளில் வெற்றிடம் இல்லாமல் செய்து, தோள்மேல் கொஞ்சம் ரப்பரைச் சேர்த்துவைக்க வேண்டும். நகம் படக் கூடாது, விரல் நுனியின் சதையால்தான் பிடிக்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் ஆனது. அதே உடை, அதே கழுத்து. அன்று மாலை எண்ணூறு மீட்டர் நீந்தினேன்.

மூச்சை வாங்கும் இன்னொன்று குளிர்நீரே. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தை உறிஞ்சுவதால், இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் உடல் தன்னையறியாமல் மூச்சைத் திடுக்கென்று இழுக்கிறது. அந்த நேரத்தில் வேகமாக நீந்துவது வீண் ஆபத்து. இடுப்பளவு நீரில் நின்று கழுத்துப் பட்டையைச் சற்று விலக்கிக் கொஞ்சம் நீரை உள்ளே விட்டு, முகத்தை நனைத்து, நீருக்குள் மூச்சை மெதுவாக வெளிவிட்டுப் பழகிய பிறகே நீந்தத் தொடங்குகிறேன். உடையைப் போட்டுக்கொண்டு தனியாக நீந்துவதில்லை என்பதையும் அந்த முதல் நாளுக்குப் பிறகு விதியாக்கிக்கொண்டேன்.

பின்கழுத்தின் இருபுறமும் ரப்பர் உரசிப் புண்ணாகும். அதற்கு வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பைத் தடவினால் நியோபிரீன் கெடக்கூடும் என்பதால், நீச்சல் வீரர்களுக்கென்றே விற்கும் களிம்பைப் பயன்படுத்துவது நல்லது. விதிகளையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வயதுவாரியான பிரிவுகளில் போட்டியிடும் என்னைப் போன்ற சாதாரணப் போட்டியாளர்களின் 1500 மீட்டர் வரையிலான நீச்சலில் நீர் 22 டிகிரியைத் தாண்டினால் வெட்சூட்டுக்கே அனுமதியில்லை. ஆகவே அது இல்லாமலும் அந்தத் தூரத்தை நீந்தப் பழகியிருப்பது கட்டாயம். வெயில் நாளில் அந்தத் தடை ஒரு கருணையும்கூட.

போட்டியன்று நீர் 16.8 டிகிரி. ஓரமாக, கடைசி வரிசையில் நின்று தொடங்கினேன். உடை கால்களைத் தாங்கியதால் உதைப்பதைக் குறைத்துக்கொண்டு சைக்கிளுக்காகத் தொடையைச் சேமித்தேன். கரையேறியதும், உள்ளே நீர் வடிந்துவிடும் முன்பே முதுகு ஜிப்பின் கயிற்றை இழுத்து, ஓடிக்கொண்டே இடுப்புவரை உரித்துவிட்டேன்; அதுவரை எல்லாம் பயிற்சி செய்தபடியே நடந்தது. சைக்கிளுக்கு அருகில் வந்து ஒரு காலால் மிதித்து மறுகாலை உருவியபோது, கணுக்காலில் கட்டியிருந்த நேரம் பதியும் மின்னணுச் சில்லில் ரப்பர் மாட்டிக்கொண்டது. பக்கத்துச் சைக்கிள்காரர் கிளம்பிப் போய், அவருக்குப் பின்னால் வந்தவரும் கிளம்பிப் போன பிறகு, தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்துத்தான் அதைக் கழற்றினேன்.